குடியிருந்த வீட்டை வாங்கிய கதை



1987-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பள்ளிக்கூடம் திறந்த இரண்டாம் வாரம், இலண்டனிலிருந்து என் தமக்கையாரின் கடிதம் ஒன்று வந்தது. வழக்கமாக நீல நிற விமானத் தபால் தாளில் நெருக்கி எழுதுவார். இம்முறை வந்தது கனத்த உறை. உள்ளே ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவம் ஒன்றின் நகலும், கூடவே ஒரு சிறு சீட்டும் இருந்தன. "தம்பி, நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டையே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். விலையில் நூற்றுக்கு 41 பங்கைத் தள்ளுபடி செய்வார்களாம். இதை நம்பலாமா? நீ சரித்திரம் படித்தவன். படித்துப் பார்த்து எழுது" என்பது சீட்டில் கண்ட செய்தி.

அப்போது எனக்கு வயது 29. உயர்நிலைப் பள்ளி ஒன்றில் வரலாற்றாசிரியனாக இருந்தேன். இங்கிலாந்தின் அரச மரபுகளை வரிசை தவறாமல் ஒப்பிக்கத் தெரியும். அந்நாட்டு அரசாங்கம் ஏன் ஒரு வீட்டை அதன் குடித்தனக்காரருக்கே பாதி விலைக்குக் கொடுக்க முன்வருகிறது என்பது தெரியாது. தமக்கையாருக்குப் பதில் எழுதும்பொருட்டு நான் தேடிப் படித்ததையும், அப்பதிலினால் விளைந்ததையும் இன்று உங்களிடம் கூற விரும்புகிறேன்.

என் தமக்கையார் செவிலியர் பணிக்காக 1971-இல் இலண்டன் சென்றவர். அத்தான் இரயில்வேயில் வேலை பார்த்தார். கிழக்கு இலண்டனில் 1976-இல் அவர்களுக்கு நகரமன்றம் ஒரு வீடு ஒதுக்கியது. இவ்வாறு உள்ளாட்சி மன்றத்தார் கட்டி, வரிசைப்படி ஒதுக்கி, குறைந்த வாடகைக்கு விடும் வீட்டை அந்நாட்டார் கவுன்சில் வீடு என்பர். நம் ஊர் ஹவுஸிங் போர்டு வீட்டை நினைத்துக்கொள்ள வேண்டா. இங்கே வாரியத்தார் கட்டிய வீடுகளுள் பெரும்பாலானவை தவணையில் விற்கப்படுவன. அரசு ஊழியர் போன்ற சிலர்க்கே வாடகைக்கு உரியவை. பிரிட்டனிலோ 1979-ஆம் ஆண்டளவில் மூன்று வீடுகளில் ஒன்று கவுன்சில் வீடு. ஏறத்தாழ 65 லட்சம் வீடுகள் இவ்வகையைச் சார்ந்தவை. துப்புரவுத் தொழிலாளியும் பள்ளி ஆசிரியரும் ஒரே தெருவில் ஒரே நிலக்கிழாருக்கு வாடகை செலுத்தினர். அந்த நிலக்கிழார் நகரமன்றமே.

இவ்வீடுகள் எவ்வாறு தோன்றின? லிவர்பூல் நகரத்தார் 1869-இலேயே தொழிலாளர்க்கெனக் குடியிருப்பு ஒன்று கட்டினர். 1890-இல் வந்த சட்டம் மற்ற ஊர்களுக்கும் வழி திறந்தது. இலண்டனில் ஓல்டு நிக்கல் என்ற பெயருடைய சேரியை இடித்துவிட்டு, அவ்விடத்தில் செங்கல் மாடிக் கட்டடங்களை எழுப்பி, பவுண்டரி குடியிருப்பு எனப் பெயரிட்டு 1900-இல் திறந்துவைத்தனர். இடித்த சேரியின் கல்லையும் மண்ணையும் நடுவே குவித்து மேடாக்கி, அதன்மேல் வாத்திய மண்டபம் அமைத்தனர். இன்றும் அந்த மேடு இருக்கின்றது. நான் ஏறிப் பார்த்தேன். சேரியிலிருந்து வெளியேற்றப்பட்டோர் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர். அவர்களுள் புதிய வீடுகளில் இடம் பெற்றவர் பதினொருவரே எனக் கணக்கிடுவர். எஞ்சியவர்களால் புதிய வாடகையைக் கொடுக்க இயலவில்லை. ஏழைக்கென்று தொடங்கிய வீடு ஏழைக்கு எட்டாமற்போன முதற் கதை இதுவே எனலாம்.

அடுத்த திருப்பம் கிளாஸ்கோ நகரில் நேர்ந்தது. அதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். முதல் உலகப் போர்க்காலத்தில் அங்குள்ள கப்பல் தளங்களுக்கும் வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கும் தொழிலாளர் திரண்டு வந்தனர். வீடுகள் போதவில்லை. இதுதான் சமயம் என்று வீட்டுக்காரர்கள் வாடகையை உயர்த்தினர். ஆடவர் பலர் போர்முனையில் இருந்தனர். வாடகை கேட்டு வந்தவர்களை எதிர்கொண்டவர்கள் பெண்களே. கவன் பகுதியில் மேரி பார்பர் என்ற அம்மையார் அவர்களை ஒன்றுதிரட்டினார். உயர்த்திய வாடகையைக் கொடுப்பதில்லை என்று முடிவு செய்தனர். வீட்டைக் காலி செய்விக்க அமீனா வந்தால் ஒருத்தி மணியடிப்பாள். உடனே தெருவிலுள்ள பெண்களெல்லாம் மாவு, ஈரத்துணி எது கையிற் கிடைத்ததோ அதனோடு வாயிலை மறித்து நிற்பர். 1915 நவம்பரில் ஏறத்தாழ இருபதாயிரம் குடும்பங்கள் இப்போராட்டத்தில் இருந்தன. அம்மாதம் 17-ஆம் நாள் நீதிமன்றத்தின் முன் பெருங்கூட்டம் கூடிற்று, வழக்குகள் கைவிடப்பட்டன. அவ்வாண்டு முடிவதற்குள் பாராளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. பாடநூல்கள் அவ்வாண்டின் போர்க்களங்களுக்குப் பல பக்கங்கள் ஒதுக்குகின்றன. அப்பெண்கள் அடித்த மணிக்கு ஒரு வரியேனும் கொடுத்திருக்கலாம்.

போர் முடிந்ததும், திரும்பி வரும் வீரர்க்கு ஏற்ற வீடுகள் தருவோம் என்று அரசினர் வாக்களித்தனர். 1919-இல் அமைச்சர் அடிசன் கொண்டுவந்த சட்டம், வீடு கட்டுவதை நகரமன்றங்களின் கடமையாக்கி, செலவின் பெரும்பகுதியை அரசாங்கக் கருவூலமே ஏற்கச் செய்தது. மூன்றாண்டில் ஐந்து லட்சம் வீடுகள் என்பது திட்டம். கட்டி முடித்தவை இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டின. எனினும் வழி பிறந்துவிட்டது. இலண்டனுக்குக் கிழக்கே பெக்கன்ட்ரீ என்னுமிடத்தில் 1921 முதல் கட்டிய வீடுகள் மட்டும் ஏறத்தாழ 26,000. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அனூரின் பெவன் அமைச்சரானார். சுரங்கத் தொழிலாளியின் மகனான அவர், தொழிலாளர்க்கு மட்டுமே இவ்வீடுகள் என்றிருந்த சொற்களை 1949-இல் சட்டத்திலிருந்தே நீக்கினார். மருத்துவரும் இறைச்சிக் கடைக்காரரும் உழவரும் ஒரே தெருவில் வாழவேண்டும் என்பது அவர் கொள்கை. பின்வந்த மாக்மில்லனோ எண்ணிக்கையில் வல்லவர். 1953-இல் ஓராண்டில் மூன்று லட்சம் வீடுகள் என்ற இலக்கை எட்டினார்.

இனி விற்பனைக்கு வருவோம். கவுன்சில் வீட்டை விற்பது 1980-இல் தோன்றிய புதுமை அன்று. அமைச்சர் ஒப்புதலுடன் விற்க முன்பே சட்டம் இடந்தந்தது. 1952-இல் அவ்வொப்புதல் பொதுவாகவே வழங்கப்பட்டது. 1960-களின் இறுதியில் பர்மிங்ஹாம் நகரமன்றம் ஆயிரக்கணக்கில் விற்றது. ஆயின் அப்போதெல்லாம் விற்பதும் விற்காததும் மன்றத்தின் விருப்பம். 1980-ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அதனைத் தலைகீழாக்கியது. மூன்றாண்டு குடியிருந்தவர் வாங்குவேன் என்றால், மன்றம் விற்றே தீரவேண்டும்! மார்கரெட் தாட்சர் தலைமை அமைச்சராகவும் மைக்கேல் ஹெசல்டைன் துறை அமைச்சராகவும் இருந்தபோது, அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் இது நடைமுறைக்கு வந்தது. மூன்றாண்டுக் குடியிருப்புக்கு நூற்றுக்கு 33 பங்கு தள்ளுபடி. அதற்குமேல் ஒவ்வோராண்டுக்கும் ஒரு பங்கு கூடும். உச்சம் 50 பங்கு. பின்னர் 1984-இல் உச்சத்தை 60 ஆக்கினர். 1986-ஆம் ஆண்டுச் சட்டம் மாடிக் குடியிருப்புகளுக்கு 70 வரை உயர்த்தியது. நாரிச் நகரமன்றம் விற்பனையைத் தாமதப்படுத்தியபோது, அமைச்சர் அப்பணியைத் தாமே எடுத்துக்கொண்டார். மன்றத்தார் வழக்காடினர், 1982-இல் நீதிபதி டென்னிங் தலைமையிலான மேல்முறையீட்டு மன்றம் அமைச்சர் பக்கமே தீர்ப்பளித்தது.

இவ்வளவும் அறிந்தபின் என் தமக்கையாரின் படிவத்தை எடுத்துக்கொண்டேன். வீட்டின் மதிப்பு 50,000 பவுன். பதினோராண்டுக் குடியிருப்பு, ஆகவே தள்ளுபடி நூற்றுக்கு 41, அதாவது 20,500 பவுன். கொடுக்க வேண்டியது 29,500. கணக்கில் பிழை இல்லை. சட்டத்தில் ஐயம் இல்லை. வாங்கலாம் என்று எழுதினேன்.

ஆனால் பணம்? இங்கிருந்து உதவலாம் என்றால் அக்காலத்து அந்நியச் செலாவணிச் சட்டம் குறுக்கே நின்றது. வீட்டுக் கடன் சங்கத்தாரோ, அத்தானின் சம்பளமும் தமக்கையாரின் பகுதிநேரச் சம்பளமும் போதா, மூன்றாவது வருமானம் ஒன்று சேர்ந்தால் கடன் தருவோம் என்றனர். அத்தானின் தம்பி 1984 முதல் அதே வீட்டில் தங்கி, ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதிவந்தார். சட்டத்தில் இதற்கும் ஒரு விதி இருந்தது. குடித்தனக்காரர் தம்முடன் ஓராண்டேனும் வாழ்ந்துவரும் உறவினரை, மூவருக்கு மேற்படாமல், வாங்குவதில் கூட்டாகச் சேர்த்துக்கொள்ளலாம். உடன்பிறந்தாரும் அவ்வுறவில் அடங்குவர். இவ்விதியைப் படித்தபோது எனக்குண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. அந்நியர் சட்டத்தில் நம் கூட்டுக் குடும்பம் இடம்பிடித்துவிட்டதாகவே எண்ணினேன்! "தம்பியின் பெயரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்; வேலை முடிந்தது" என்று எழுதினேன். யாருக்கு எத்தனை பங்கு என்று ஒரு பத்திரம் எழுதிக்கொள்ள வேண்டுமோ என அத்தான் கேட்டிருந்தார். அண்ணன் தம்பிக்குள் பத்திரம் எதற்கு என்று பதில் அனுப்பியவனும் நானே.

1988 பிப்ரவரியில் வீடு அவர்கள் பெயருக்கு வந்தது. வாயிற்கதவுக்குத் தமக்கையார் தம் விருப்பப்படி பச்சை வண்ணம் பூசினார். அதற்குமுன் ஆணி அடிப்பதற்கும் மன்றத்தாரின் அனுமதியை நினைக்க வேண்டியிருந்தது என்பார். அந்தப் பச்சைக் கதவின் அருகே நின்று எடுத்த புகைப்படம் இன்றும் என் வீட்டுச் சுவரில் தொங்குகிறது.

அதே ஆண்டு நடுப்பகுதியில் வட்டி ஏறத் தொடங்கியது. இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 1988 மே மாதத்தில் 7.5; 1989 அக்டோபரில் 15. வீட்டுக் கடன் வட்டியும் உடன் ஏறியது. 29,500 பவுனுக்கு நூற்றுக்குப் பத்து வட்டியென்றால் மாதம் 245 பவுன். பதினைந்து என்றால் 368. அதுவரை வாடகையை மட்டும் அறிந்திருந்த குடும்பம் வட்டி என்பதன் முகத்தை அப்போதுதான் கண்டது. கூரை ஒழுகினாலும் இனி மன்றத்தார் வரமாட்டார். அத்தானின் தம்பி இரண்டாண்டுக் காலம் தம் சம்பளத்தின் பெரும்பகுதியைக் கொடுத்தார் என்பதை மறைக்கலாகாது.

1990-இல் அவருக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. வேறு ஊரில் குடியேற விரும்பித் தம் பங்கைக் கேட்டார். கேட்டது நியாயமே, எவ்வளவு என்பதுதான் கேள்வி. மூவர் பெயரில் உள்ள வீடு, ஆதலால் மூன்றில் ஒரு பங்கு என்றார் தம்பி. அந்த 20,500 பவுன் தள்ளுபடி என் பதினோராண்டு வாடகைக்குக் கிடைத்தது. அதில் உனக்குப் பங்கு ஏது என்றார் அண்ணன். வீட்டை விற்றுப் பிரித்துக்கொள்ளலாம் என்றால், மூன்றாண்டுக்குள் விற்பவர் தள்ளுபடியில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்டவேண்டும். மூன்றாம் ஆண்டில் விற்றால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 6,833 பவுன், மன்றத்துக்குப் போய்விடும். வீட்டு விலைகளும் அப்போது வீழ்ந்துகொண்டிருந்தன. இருவருடைய கடிதங்களும் ஒரே வாரத்தில் எனக்கு வந்தன. இருவரும் என் பழைய கடிதத்தையே சான்று காட்டியிருந்தனர். இறுதியில், அவர் கட்டிய தொகையும் அதன்மேல் ஒரு தொகையும் கொடுத்துத் தீர்த்தனர். அதற்காக என் தமக்கையார் மூன்றாண்டுகள் இரவுப் பணி பார்த்தார். அண்ணனும் தம்பியும் மீண்டும் பேசிக்கொண்டது 1997-இல், தம் தாயாரின் மறைவுக்கு ஊர் வந்திருந்தபோதுதான்.

இஃது எங்கள் குடும்பத்தில் மட்டும் நேர்ந்தது என்று கருத வேண்டா. இச்சட்டத்தின் வரலாற்றை எழுதுவோர் தாட்சரையும் கட்சிகளையும் பற்றி நிரம்ப எழுதுகின்றனர். வீட்டை வாங்க உறவினர் பணம் போட்டதைப் பற்றிச் சிறிதே எழுதுகின்றனர். நெடுங்காலம் குடியிருந்த முதியவருக்கே தள்ளுபடி மிகுதி. அவருக்கோ வயதின் காரணமாகக் கடன் கிடைப்பது அரிது. வேறிடத்தில் வாழும் மகன் அல்லது மகள் பணம் கொடுப்பார். பத்திரம் பெற்றோர் பெயரில் இருக்கும். தாய் உயிரோடுள்ளவரை வாழட்டும், பின்னர் வீடு எனக்கு என்பது வாய்ப்பேச்சு. அவ்வீட்டிலேயே இருந்து தாயைப் பேணிய மற்றொரு மகள் என்ன ஆவாள்? தாய் முதியோர் காப்பகத்தில் சேரும் நிலை வந்தால், காப்பகக் கட்டணத்துக்கு அவருடைய வீட்டின் மதிப்பையும் கணக்கிடுவார்களே, அப்போது மகன் போட்ட பணத்தின் கதி யாது? வாடகைக்கு இருந்தவரை ஏழை முதியவருக்கு அரசாங்கம் வாடகை உதவித்தொகை கொடுத்தது. உடைமையாளரானதும் அஃது இல்லை. இவையனைத்தையும் படிவம் கேட்கவில்லை. என்னைப்போல் ஆலோசனை கூறிய உறவினரும் பலவிடங்களில் கேட்டிருக்கமாட்டார்.

நான் 2016-இல் ஓய்வு பெற்று, மறு ஆண்டு இலண்டன் சென்றேன். பச்சைக் கதவு அப்படியே இருந்தது. அத்தான் காலமாகிவிட்டார். கடன் முழுவதும் தீர்ந்து, வீடு தமக்கையாரின் பெயரில் இருந்தது. "இரவுப் பணி பார்த்தது வீண்போகவில்லை, தம்பி. என்னை இங்கிருந்து எழுப்ப யாராலும் முடியாது" என்றார். அவர் முகத்தில் கண்ட அமைதியை நான் குறைத்துரைக்கமாட்டேன். அவரைப்போல் இங்கிலாந்தில் மட்டும் ஏறத்தாழ இருபது லட்சம் குடும்பங்கள் இச்சட்டத்தினால் வீட்டுக்குரியவை ஆயின. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கே உரியதாயிருந்த பரம்பரைச் சொத்து என்பது செவிலியரின் பிள்ளைக்கும் கிட்டியது.

ஆனால் அடுத்த வீட்டுக் கதை வேறு. அதுவும் கவுன்சில் வீடே. குடியிருந்தவர் வாங்கி, பின்னர் விற்றுவிட்டுப் போனார். வாங்கியவர் வாடகைக்கு விடுகிறார். அதில் குடியிருப்பவள் என் தமக்கையாரின் மகள். தாயைப்போலச் செவிலியர், கணவனும் இரு குழந்தைகளும் உண்டு. ஒரே சுவரின் இருபுறமும் இரு வீடுகள். ஒரே அளவு, ஒரே ஆண்டிற் கட்டியவை. தாய் 1976-இல் கொடுத்த வாடகை அவருடைய சம்பளத்தில் சிறு பகுதி. மகள் கொடுப்பதோ அவளுடைய சம்பளத்தில் பாதிக்கு மேல்.

இதன் காரணம் விற்றது மட்டுமன்று. விற்ற பணத்தைக்கொண்டு மீண்டும் கட்டாமையே. 1990 முதல், வீடு விற்று வந்த பணத்தில் நூற்றுக்கு 75 பங்கை மன்றங்கள் கடனடைக்கவே ஒதுக்கவேண்டும் என விதி வந்தது. 1970-களின் இறுதியில் ஆண்டுக்கு எண்பதாயிரத்துக்குக் குறையாமல் கட்டிய மன்றங்கள், 1990-களின் இறுதியில் நாடு முழுவதும் சில நூறு வீடுகளே கட்டின. நல்ல வீடுகள் முதலில் விலைபோயின. மன்றத்தின் கையில் எஞ்சியவற்றுள் அடுக்குமாடிகளின் பங்கு கூடிற்று. 2012-இல் இங்கிலாந்து தள்ளுபடியின் உச்சவரம்பை 75,000 பவுனாக மீண்டும் உயர்த்தியது. ஸ்காட்லாந்து 2016-இலும் வேல்ஸ் 2019-இலும் இவ்வுரிமையை அறவே நீக்கிவிட்டன. இங்கிலாந்தில் 2024 நவம்பரில் உச்சவரம்பைப் பகுதிக்கேற்ப 16,000 முதல் 38,000 பவுன் எனக் குறைத்தனர்.

1987-இல் நூற்றுக்கு 41 சரியா என்று கணக்குப் பார்த்தேனே தவிர, அவ்வீட்டுக்கு அடுத்தபடியாக வரிசையில் நிற்பவர் யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், வாங்காதே என்று தமக்கையாருக்கு எழுதியிருப்பேனா? எழுதியிருக்கமாட்டேன். சுவருக்கு அப்பால் குடியிருக்கும் பெண் அவர் மகளாகவே இருப்பாள் என்று அன்று யார் சொன்னாலும் நம்பியிருக்கமாட்டேன்.

நான் ஊர் திரும்புவதற்கு முதல்நாள் மாலை, அவள் ஓர் உறையுடன் வந்தாள். கவுன்சில் வீட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியலில் பெயர் பதிவதற்கான விண்ணப்பம் அது. பன்னிரண்டு பக்கம். "மாமா, அம்மாவுக்குப் படித்துச் சொன்னது நீங்கள்தானாமே. இதையும் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள்" என்றாள். தமக்கையார் விளக்கைப் போட்டார். நான் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, முதற் பக்கத்திலிருந்து, இம்முறை ஒரு வரியையும் தாண்டாமல் படிக்கத் தொடங்கினேன்.